பழைய ஆங்கிலேய வீட்டின் வயதை அதன் சுவரிலேயே படிப்பது எப்படி

இங்கிலாந்தில் ஐநூறு, அறுநூறு வருஷப் பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால் வாசல் பலகையில் பெரும்பாலும் ஒரே ஒரு தேதிதான் இருக்கும். அந்தத் தேதி பொய் என்று சொல்லவில்லை, ஆனால் அது வீட்டின் ஏதோ ஒரு மூலைக்கு மட்டும் பொருந்தும் தேதி. கென்ட்டில், செவனோக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஐட்டம் மோட் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் அகழி, நடுவே முற்றம், முற்றத்தின் நாலு பக்கமும் எழுபதுக்கு மேல் அறைகள். பெருங்கூடம் 14ஆம் நூற்றாண்டு. அந்தக் கூடத்தின் பெரிய ஜன்னலில் உள்ள வண்ணக் கண்ணாடி 1520களில், ரிச்சர்டு கிளெமென்ட் என்பவர் வீட்டை வாங்கிய பிறகு வைத்தது. அதே கூடத்தின் கணப்பும் மரப்பலகைச் சுவரும் 1870களில் நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞர் செய்தவை. ஒரே அறையில் நின்றுகொண்டு மூன்று காலத்தைப் பார்க்கிறீர்கள், பலகையிலோ ஒரு தேதி.

இந்த வீடுகளைப் படிக்க ஒரு வழிதான் உண்டு: ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தைத் தேடுங்கள். அழகான இடத்தைப் பார்த்து ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜன்னலின் பாதியை ஒரு தளம் வெட்டிக்கொண்டு போவது, கதவுக்குப் பின்னால் வெறும் சுவர் இருப்பது, ஒரு பக்கம் கரி படிந்து மறுபக்கம் சுத்தமாக இருக்கும் உத்தரம், இவைதான் வீடு பேசும் இடங்கள். கீழே சொல்வதெல்லாம் அந்த இடங்களை எங்கே தேடுவது என்பதுதான். பழைய வீடுகளைக் காத்து மக்கள் பார்க்கத் திறந்துவைக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை போய்வருபவருக்கும் உதவும், அங்கே ஒரு பழைய வீட்டை வாங்க நினைப்பவருக்கும் உதவும்.

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள்

முன்பக்கம் ஊருக்குக் காட்டக் கட்டியது. காசு வந்தபோதெல்லாம் முதலில் மாறியது அதுதான். குறிப்பாக 18ஆம் நூற்றாண்டில், நடுவே கதவு, இரண்டு பக்கமும் சரிசமமான ஜன்னல்கள் என்ற ஜார்ஜியன் முகப்பு வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்ட காலத்தில், ஏராளமான பழைய மரச்சட்ட வீடுகளுக்கு முன்னால் ஒரு செங்கல் சுவரை மட்டும் எழுப்பிவிட்டு, பின்னால் இருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் வீட்டைச் சுற்றி ஒரு முறை முழுதாக நடங்கள். பக்கச் சுவரில் கூரையின் சரிவைப் பாருங்கள்: முன்னால் நேர்த்தியான கைப்பிடிச்சுவர், அதற்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் உயரமான கூரை என்றால் முகப்பு பிற்காலத்தது. புகைபோக்கி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, சரிசமமான முகப்போடு ஒட்டாமல் நிற்கிறதா? அதுவும் அதே கதைதான். உள்ளே போனதும் கூரை தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்திருக்கிறது, அறைக்கு அறை தரை ஏறி இறங்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

சுவரில் மேலிருந்து கீழ்வரை நேராக ஓடும் ஒரு கோடு தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். ஒரே சமயத்தில் கட்டிய சுவரில் கல்லோ செங்கல்லோ ஒன்றுக்குள் ஒன்று பல் மாதிரி கோத்துக்கொண்டு போகும். இரண்டு சுவர்கள் கோத்துக்கொள்ளாமல் ஒட்டி மட்டும் நின்றால், அது வேறு வேறு சமயத்தில் கட்டியது. எது முந்தியது என்று கண்டுபிடிப்பதும் அத்தனை கஷ்டமில்லை. எந்தச் சுவரின் மூலை, செதுக்கிய மூலைக்கற்களோடு தனக்குத் தானே முழுசாக முடிகிறதோ அதுதான் மூத்தது, இன்னொன்று அதன்மேல் வந்து சாய்ந்தது.

பரணில் கரி இருக்கிறதா?

முழு வீட்டிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் பரண். மற்ற எல்லா அறைக்கும் ஒவ்வொரு தலைமுறையும் புதுச்சட்டை போட்டுவிடும். பரணுக்கு யாரும் செலவு செய்வதில்லை, அதனால் முதலில் கட்டிய மரம் பல வீடுகளில் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

இடைக்கால ஆங்கிலேய வீட்டின் மையம் பெருங்கூடம். தரையிலிருந்து கூரைவரை திறந்தே இருக்கும், மேல்மாடி கிடையாது. நெருப்பு தரையின் நடுவே எரியும், புகைபோக்கி கிடையாது, புகை மேலே போய் கூரைச் சந்துகளிலும் கூரையில் விட்ட திறப்பிலும் வெளியேறும். கென்ட்டிலேயே பென்ஸ்ஹர்ஸ்ட் பிளேஸ் என்ற வீட்டில், நான்கு முறை லண்டன் மேயராக இருந்த ஜான் டி புல்ட்னி 1341ல் கட்டிய பெருங்கூடத்தில், அந்த எட்டுப்பட்டை நெருப்பிடம் தரை நடுவே இன்றைக்கும் இருக்கிறது. வேறு பெரும்பாலான வீடுகளில் அது போய்விட்டது. ஆனால் புகை போகவில்லை. கூடத்துக்கு மேலே இருந்த கூரை மரங்களில் நூற்றைம்பது, இருநூறு வருஷப் புகை கருப்பாக உறைந்து கிடக்கிறது. பரணில் டார்ச் அடித்துப் பாருங்கள். கைமரங்கள் ஒரு பகுதியில் மட்டும் கருப்பாக இருந்தால், அதற்கு நேர் கீழேதான் பழைய கூடம். மண் பூசிய ஒரு தடுப்புச் சுவரின் ஒரு முகம் கருப்பு, மறுமுகம் சுத்தம் என்றால், அந்தத் தடுப்பு கூடத்தின் எல்லை என்று கணக்கு.

16ஆம் நூற்றாண்டில் இது மெல்ல மாறியது. செங்கல் புகைபோக்கி சாதாரண ஆட்களுக்கும் எட்டும் பொருளானது, நெருப்பு சுவரோரம் நகர்ந்தது, நெருப்பு நகர்ந்ததும் கூடத்தின் பாதி உயரத்தில் ஒரு தளம் போட்டு மேலே படுக்கையறைகள் கட்ட வழி பிறந்தது. ஒரே ஒரு புகைபோக்கி வீட்டின் முழு அமைப்பையும் புரட்டிப்போட்டது. அதனால்தான் எந்தப் பழைய வீட்டிலும் நான் முதலில் கேட்பது, இந்தப் புகைபோக்கி எங்கே நுழைக்கப்பட்டது என்பதைத்தான். பல வீடுகளில் அதைப் பழைய குறுக்கு நடையிலேயே செருகியிருப்பார்கள். குறுக்கு நடை என்பது முன்கதவிலிருந்து பின்கதவுவரை வீட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் வழி. அதன் ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் பானங்கள் வைக்கும் அறைக்கும் ரொட்டி வைக்கும் அறைக்கும் போகும் இரண்டு கதவுகள் அடுத்தடுத்து இருக்கும். வீட்டுத் தலைவர் உட்காரும் மேடை கூடத்தின் எதிர்முனையில், நெருப்புக்கு அந்தப்பக்கம். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால், ஏதோ ஒரு தாழ்வாரத்தில் இரண்டு வளைவுக் கதவுகள் காரணமே இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் மொத்த வீடும் சட்டென்று விளங்கிவிடும்.

இதையெல்லாம் ஒரு முறை நேரில் பார்த்துவிடுவது நல்லது. மேற்கு சஸெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சிடிங்ஸ்டோன் பக்கத்திலிருந்து பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்திய பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடு அங்கே இருக்கிறது. திறந்த கூடம், நடுவே நெருப்பு, இரு முனையிலும் மேல்மாடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது, எல்லாம் இருக்கும். அந்த உருவம் கண்ணில் பதிந்துவிட்டால், பிறகு எத்தனை தடவை மாற்றிக் கட்டிய வீட்டிலும் உள்ளே ஒளிந்திருக்கும் பழைய கூடத்தைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மரத்தில் காலியாக இருக்கும் துளைகள்

ஆங்கிலேயத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே அறுத்து, பட்டறையில் சட்டத்தை முழுதாகப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண்போல ஒரு அடையாளம் கீறி, பிறகு கழற்றி மனைக்குக் கொண்டுபோய் மறுபடி கோப்பார்கள். அந்தக் கீறல்களைத் தேடிப் படியுங்கள். வரிசையாக ஓடிக்கொண்டிருந்த எண்கள் நடுவில் அறுந்தால், அங்கே ஏதோ ஒரு சட்டம் போய்விட்டது அல்லது புதிதாக வந்திருக்கிறது.

துளைகள் இன்னும் தெளிவாகப் பேசும். உத்தரத்தின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், நடுவே ஒரு நீளப் பள்ளம் என்றால், அங்கே குச்சி பின்னி மண் பூசிய சுவர் இருந்தது. சதுரத் துளைகள் மூலை முன்னால் வரும்படி சாய்சதுரமாக வெட்டியிருந்தால் அது கண்ணாடியே இல்லாத பழைய ஜன்னல். மரக்கம்பிகள் மட்டும் நிறுத்தி, காற்றுக்கும் குளிருக்கும் பலகைக் கதவை இழுத்து மூடிக்கொண்டார்கள், அந்தப் பலகை ஓடிய காடியும் சில இடங்களில் பக்கத்திலேயே தெரியும். கண்ணாடி பணக்காரர் பொருளாக இருந்த காலம் அது.

அப்புறம் உத்தரத்தின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூர்மையான விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, சுவரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அழகாக ஒரு முடிப்பு வைத்து நிறுத்தியிருப்பார்கள். இரண்டு முனையிலும் முடிப்பு இருந்தால் அறை முழுசு. ஒரு முனையில் முடிப்பு, மறுமுனையில் சரிவு அப்படியே சுவருக்குள் புகுந்து மறைகிறது என்றால் அந்தச் சுவர் பிற்பாடு எழுப்பிய தடுப்பு, பக்கத்து அறைக்குப் போனால் மிச்ச உத்தரமும் இன்னொரு முடிப்பும் காத்திருக்கும். எந்தக் கருவியும் வேண்டாத, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத சோதனை இது.

அறுத்த தடமும் கவனிக்க வேண்டியது. கோடரியால் செதுக்கிய மரம் அலை அலையாக இருக்கும். குழிக்கு மேலே மரத்தை வைத்து இரண்டு பேர் இழுத்து அறுத்தது என்றால் கோடுகள் நேராக, ஆனால் ஒரே சீராக இல்லாமல் இருக்கும். வில் மாதிரி வளைந்த கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பம், அதாவது பொதுவாக 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோ.

ஒரு எச்சரிக்கை. பொருத்தமில்லாத துளைகளோடு ஒரு உத்தரம் இருந்தால், இது பழைய கப்பலிலிருந்து வந்த மரம் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். கடற்கரையிலிருந்து ஐம்பது மைல் உள்ளே இருக்கும் ஊரிலும் இதைச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அநேகமாக அது அதே ஊரில் இடித்த இன்னொரு வீட்டின் மரம், அல்லது இதே வீட்டின் பழைய மரம் இடம் மாறி உட்கார்ந்தது. நல்ல ஓக் விலை உயர்ந்தது, யாரும் அதை வீணாக்கவில்லை.

செங்கல்

உயரத்தை அளந்து பாருங்கள். டியூடர் மன்னர்கள் காலத்து, அதாவது ஏறக்குறைய 16ஆம் நூற்றாண்டின், செங்கல் மெலிசு, சுமார் 2 அங்குலம், 2¼ அங்குலம். 18ஆம் நூற்றாண்டில் 2½ அங்குலத்தை நெருங்குகிறது. 1784ல் செங்கல்லுக்கு வரி போட்டார்கள், எண்ணிக்கைக்குத்தான் வரி. சிலர் உடனே பெரிய பெரிய செங்கல்லாகச் சுட்டார்கள். மெஷம் என்ற ஊரில் ஜோசஃப் வில்க்ஸ் என்பவர் சுட்ட மிகப் பெரிய செங்கற்கள் அந்தப் பக்கத்துக் கட்டடங்களில் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. 1803ல் பெரிய செங்கல்லுக்கு இரட்டை வரி வந்தது, 1850ல் வரியே போயிற்று. உயரம் மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், ஊருக்கு ஊர் மாறும். அடுக்கிய விதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வரிசை முழுக்க நீளவாக்கு, அடுத்த வரிசை முழுக்கக் குறுக்குவாக்கு என்றால் பழைய இங்கிலீஷ் கட்டு. ஒரே வரிசையில் நீளம், குறுக்கு, நீளம், குறுக்கு என்று மாறி மாறி வந்தால் ஃபிளெமிஷ் கட்டு, 1631ல் கட்டிய கியூ மாளிகை இதன் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று. ஆக ஃபிளெமிஷ் கட்டில் இருக்கும் முகப்பை 16ஆம் நூற்றாண்டு என்று யாராவது சொன்னால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

தென்கிழக்கில், முக்கியமாக லூயிஸ் மாதிரி ஊர்களில், செங்கல்லே இல்லாத செங்கல் சுவர் உண்டு. மரச்சட்டத்தின்மேல் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஓடுகள், வெளிமுகம் மட்டும் செங்கல் போலத் தெரியும்படி செய்தவை. மூலையைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். உண்மையான செங்கல் மூலையில் திரும்பிப் போகும், ஓட்டால் அது முடியாது, அதனால் அங்கே ஒரு மரப்பலகையை நட்டு மறைத்திருப்பார்கள்.

ஜன்னல்: பொறுமையாகப் பாருங்கள்

வீட்டில் அதிகம் மாற்றப்பட்டது ஜன்னல்தான், அதனாலேயே அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். பழைய கல் ஜன்னல்களில் நடுத்தூண்களின் விளிம்பை விரலால் தடவுங்கள். உள்வாங்கிய குழிவு என்றால் பெரும்பாலும் முந்தியது, வெளியே உப்பிய வளைவு என்றால் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மேலே. மேலும் கீழும் தள்ளித் திறக்கும் சாஷ் ஜன்னல் 1670களுக்கு முன்னால் கிடையாது. லண்டனில் தீப்பயத்தால் 1709ல் ஒரு சட்டம் வந்தது, ஜன்னலின் மரப்பெட்டி சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்று. 1774 சட்டம் அந்தப் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. லண்டனில் இது நல்ல அளவுகோல், கிராமத்தில் அப்படியே பொருத்தாதீர்கள், அங்கே புது வழக்கம் போய்ச்சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

கண்ணாடிகளுக்கு இடையே உள்ள மரக்கம்பிகள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடிமனாக, கட்டைவிரலைவிடப் பருமனாக இருக்கும், 1820 வாக்கில் அரை அங்குலமாக மெலிந்துவிடும். 1845ல் கண்ணாடி வரி போனதும் பெரிய, கனமான கண்ணாடி மலிந்தது, கம்பிகளே காணாமல்போயின. அந்தக் கனத்தைத் தாங்க மேல்சட்டத்தின் இரண்டு கீழ்முனையிலும் சின்னக் கொம்பு மாதிரி மரத்தை நீட்டிவிட்டார்கள். ஜார்ஜியன் ஜன்னல் என்று காட்டும் ஜன்னலில் அந்தக் கொம்பு இருந்தால் அது விக்டோரியா காலத்தது அல்லது அதற்கும் பிந்தியது. கண்ணாடியையே சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், வட்டமாகச் சுழற்றி ஊதிய பழைய கண்ணாடியில் மெல்லிய வளைவுக் கோடுகள் தெரியும், வானமும் மரமும் அதில் கொஞ்சம் நெளியும். அந்தக் கண்ணாடி உடைந்தால் உடைந்ததுதான், அதனால் ஜன்னலை மாற்றச் சொல்லும் விற்பனையாளரிடம் முடியாது என்று சொல்லும் துணிவு வேண்டும்.

அடைத்த ஜன்னலைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஜன்னல் வரி. 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் அந்த வரி இருந்தது உண்மை, வரிக்குப் பயந்து அடைத்ததும் உண்மை. ஆனால் நீங்கள் பார்க்கும் அடைப்புகளில் நிறைய, முகப்பு சரிசமமாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஆரம்பத்திலிருந்தே குருடாகக் கட்டியவை. உள்ளே போய் அதே இடத்தைப் பாருங்கள். பின்னால் புகைக்குழாய் ஓடுகிறதா, தடுப்புச் சுவர் வந்து முட்டுகிறதா? அப்படியென்றால் அங்கே ஒருநாளும் ஜன்னல் திறந்திருக்க முடியாது. மாறாக உள்பக்கம் மரப்பலகை அடித்த குழிவோ, பழைய மடிப்புக்கதவோ மிஞ்சியிருந்தால் அது உண்மையான ஜன்னல்.

உள்ளே

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் பார்ப்பார்கள். மடித்த துணி மாதிரி செதுக்கிய பலகைச் சுவர் என்றால் 16ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. சின்னச் சின்னக் கட்டங்களாக என்றால் முதலாம் எலிசபெத் காலமும் (16ஆம் நூற்றாண்டின் பிற்பாதி) அதற்கு அடுத்ததும். உயரமான பெரிய கட்டங்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருகின்றன. படிக்கட்டில், கிராதிக் கம்பிகள் எல்லாம் ஒரு சாய்ந்த பலகையின்மேல் நிற்கின்றனவா, அல்லது ஒவ்வொரு படியின்மேலும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது பழைய முறை, இரண்டாவது ஏறக்குறைய 1700க்குப் பிறகு பரவியது. வீட்டில் மாடிக்குப் போகும் கடைசிப் படிகள், வேலைக்காரர் அறைகளுக்குப் போகும் படிகள், பழைய கம்பிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும். முன்படிக்கட்டை மாற்றியபோது கழற்றியதை மேலே கொண்டுபோய் வைத்திருப்பார்கள்.

அளவெடுக்கும் நாடா ஒன்று கையில் இருக்கட்டும். உள்ளே அறைகளின் அளவுகளைக் கூட்டி வெளிச்சுவரின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால் நடுவே ஏதோ இருக்கிறது, பெரும்பாலும் மூடிய பழைய பெரிய கணப்பு. வூஸ்டர்ஷரின் ஹார்விங்டன் ஹாலில் அது மனிதர் ஒளியும் இடமாக இருந்தது. கத்தோலிக்கப் பாதிரியாருக்கு அடைக்கலம் கொடுப்பது உயிருக்கே ஆபத்தான அந்தக் காலத்தில், செங்குத்தாக நிற்கும் ஒரு உத்தரம் அச்சில் சுழன்று வழிவிடும்படி அங்கே ஒரு மறைவிடம் செய்திருக்கிறார்கள். அந்த வேலையை நிக்கலஸ் ஓவன் என்ற தச்சரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் 1606ல் லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார், எந்த வீட்டில் எங்கே ஒளிவிடம் என்று சொல்லவில்லை.

கணப்பைச் சுற்றியுள்ள மரங்களில் கீறல்களையும் தேடுங்கள். பின்னிய இரண்டு வி எழுத்துகள், காம்பஸால் வரைந்த ஆறிதழ்ப் பூ, சுடரால் வேண்டுமென்றே சுட்ட நீர்த்துளி வடிவத் தழும்பு, எல்லாம் கெட்ட சக்தி புகைபோக்கி வழியாக இறங்காமல் தடுக்க. கென்ட்டின் நோல் மாளிகையில், மன்னர் முதலாம் ஜேம்ஸ் வருவார் என்று தயார்செய்த அறையின் தரைப்பலகைக்கு அடியில் 2014ல் இப்படிக் குறிகள் அகப்பட்டன. உத்தர மரத்தின் வளையங்களை எண்ணியதில் அது 1605-06 குளிர்காலத்தில் வெட்டிய மரம் என்று தெரிந்தது. பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த சதி பிடிபட்டது 1605 நவம்பரில். அதே குளிரில் மன்னர் படுக்கப்போகும் அறையின் உத்தரத்தில் ஒரு தச்சர் காவல் குறி கீறியிருக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

மர வளையத்தின் பலம் இதுதான்: வெளிப்பட்டை அப்படியே இருந்தால் மரம் வெட்டிய பருவத்தையே சொல்லிவிடும். பட்டை போய் வெளிமரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் சில பத்தாண்டுகள் முன்பின்னாகச் சொல்லும், வெளிமரத்தையும் முழுதாகச் செதுக்கி எறிந்திருந்தால் இந்த வருஷத்துக்குப் பிறகு வெட்டியது என்று மட்டும்தான் சொல்லும்.

பழையது போலத் தெரிபவை

வில்ட்ஷரின் லேகாக் ஆபி இதற்கு நல்ல பாடம். 1232ல் எலா என்ற சாலிஸ்பரி சீமாட்டி தொடங்கிய கன்னியர் மடம். எட்டாம் ஹென்றி மடங்களை மூடியதும் வில்லியம் ஷாரிங்டன் அதை வாங்கி, தேவாலயத்தை இடித்துவிட்டு, கீழே இருந்த மடத்துத் தாழ்வாரங்களைத் தொடாமல் அவற்றின்மேலேயே தன் வீட்டை அமைத்து, மூலையில் எண்கோணக் கோபுரம் ஒன்றும் கட்டினார். அங்கே நுழைந்ததும் கூரிய வளைவுகளோடு வரவேற்கும் கூடம் மடத்தின் கூடம் என்று நினைக்கத் தோன்றும். அது 1750களில் சாண்டர்சன் மில்லர் வடிவமைத்தது, இடைக்காலத்தின்மேல் ஆசை வந்த 18ஆம் நூற்றாண்டின் வேலை. 1835ல் புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் தன் புகைப்படச் சோதனையில் பிடித்த அந்த மேல்தளப் புறநீட்டு ஜன்னலும் இதே வீட்டில்தான். ஆக, கூரிய வளைவைப் பார்த்ததும் 13ஆம் நூற்றாண்டு என்று முடிவுகட்ட வேண்டாம். கருவித் தடம், தேய்மானம், வளைவு சுவரோடு கோத்திருக்கிறதா ஒட்டியிருக்கிறதா, மூன்றையும் பாருங்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் டெர்பிஷரின் ஹாடன் ஹால். அதன் சொந்தக்காரர்களான ரட்லண்ட் பிரபுக் குடும்பம் 1700 வாக்கில் வேறு மாளிகையில் குடியிருக்கப் போய்விட்டது. இருநூறு வருஷம் யாரும் அதை நாகரிகப்படுத்தவில்லை, அதனால்தான் 1920களில் பழுதுபார்க்கத் தொடங்கியபோது பழைய வீடு கையில் கிடைத்தது. பணம் இருக்கும் வீடு மாறும், பணம் போன வீடு அப்படியே நிற்கும். எனவே யாரிடம் எப்போது புதுப்பணம் வந்தது என்று தேடுங்கள். இதில் நம் ஊரும் வருகிறது: 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த தாமஸ் பிட், இந்தியாவில் வாங்கிய பெரிய வைரத்தை 1717ல் பிரான்ஸின் ரீஜெண்டுக்கு, அதாவது சிறுவனான மன்னருக்குப் பதிலாக ஆண்டவருக்கு, விற்று, அந்தப் பணத்தில் கார்ன்வாலின் பொகானாக் எஸ்டேட்டை வாங்கி அந்த வீட்டை மாற்றிக் கட்டத் தொடங்கினார்.

காகிதத்தில் சரிபார்ப்பது

சுவரைப் பார்த்து நீங்கள் யூகித்ததைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். 1662 முதல் 1689 வரை கணப்புக்கு வரி இருந்தது, வீட்டுக்காரர் பெயரும் எத்தனை கணப்பு என்ற எண்ணும் அந்தப் பட்டியல்களில் கிடைக்கும். இறந்தவரின் சொத்துப் பட்டியல் இன்னும் உயர்வு. அறை அறையாக நடந்து சாமான்களை எழுதியிருப்பார்கள். "கூடத்துக்கு மேலறை" என்று ஒரு வரி இருந்தால், அந்தத் தேதிக்குள் கூடத்துக்குத் தளம் போட்டாயிற்று என்று அர்த்தம். இவை மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அதில் உள்ள பழைய குறிப்புகள் பல, வெளியிலிருந்து பார்த்தே எழுதியவை. உள்ளே இருப்பது அதில் இல்லை என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

வீடு உங்களுடையது என்றால்

1700க்கு முன்னால் கட்டி ஓரளவாவது பழைய உருவில் நிற்கும் வீடு ஏறக்குறைய நிச்சயமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இருந்தால் உள்ளேயும் வெளியேயும் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் உள்ளாட்சியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலில்லாமல் செய்வது கிரிமினல் குற்றம், முந்தின சொந்தக்காரர் செய்ததைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம். வாங்குவதற்கு முன் பழைய ஒப்புதல் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் சிமெண்ட் பூச விடாதீர்கள், இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும், சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உள்ளே இருக்கும் ஓக் சட்டத்தை மக்க வைக்கும், நானூறு வருஷம் நின்ற அடிச்சட்டம் சில பத்தாண்டுகளில் பொடியாகும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி, அவர் நேரம் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

விக்டோரியா கால வேலைகளையெல்லாம் உரித்துப்போட்டு அசலைக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பாதீர்கள். எந்த அசலை? 1330ஆ, 1520ஆ, 1870ஆ? கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877ல் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே இந்த உரிக்கும் ஆசையை எதிர்த்துத்தான். ஐட்டம் மோட்டை, அமெரிக்கரான சார்லஸ் ஹென்றி ராபின்சன் 1953ல் வாங்கிக் காப்பாற்றி, 1985ல் நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுப்போனார். 1989 முதல் 2004 வரை சுமார் 1 கோடி பவுண்டு செலவில் அதைப் பிரித்துப் பழுதுபார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் நார்மன் ஷாவின் கணப்பு இடைக்காலக் கூடத்தில் அதே இடத்தில் இருக்கிறது, முற்றத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு செயின்ட் பெர்னார்டு நாய்க்குச் செய்த மரக்கூடும் இருக்கிறது. அந்த நாய்க்கூடும் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது.

பழுது பார்த்தே ஆகவேண்டும் என்றால், தொடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், மக்கிய பகுதியை மட்டும் வெட்டிப் புது ஓக்கைச் சேருங்கள், எடுத்த துண்டில் பழைய துளையோ குறியோ இருந்தால் எறியாமல் பரணில் வையுங்கள். சேர்த்த மரத்தில், கண்ணுக்கு உறுத்தாத பக்கத்தில், வருஷத்தை உளியால் வெட்டிவிடச் சொல்லுங்கள்.